பழ ஈயும் பெண்ணின் தெரிவும்: இலிங்கத் தேர்வுக் கோட்பாட்டின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1948 ஆம் ஆண்டில் 'ஹெறெடிற்றி' என்னும் பிரித்தானியப் பிறப்புரிமையியற் சஞ்சிகையின் இரண்டாந் தொகுதியில், பழ ஈக்களின் இனப்பெருக்கம் பற்றிய இருபது பக்கக் கட்டுரையொன்று வெளியாயிற்று. அதனை எழுதியவர் இலண்டன் நகரையடுத்த மேற்றனில் அமைந்திருந்த ஜோன் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்திற் பணிபுரிந்த ஏ. ஜே. பேற்மன் என்பார். வெளிவந்த காலத்தில் அக்கட்டுரையைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. ஆயின், கால் நூற்றாண்டு கழிந்தபின் அது விலங்குலகம் முழுமைக்கும் உரிய விதியொன்றின் ஆதாரமாக உயர்த்தப்பட்டது, பாடநூல்களிற் புகுந்தது, மனிதக் குடும்பத்தில் ஆண் ஏன் அலைகிறான், பெண் ஏன் அடங்குகிறாள் என்பதற்கு இயற்கையின் சான்றாகவும் எடுத்தாளப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் அதே பரிசோதனை அதே முறையில் மீளச் செய்யப்பட்டபோது அச்சான்றின் அடித்தளம் ஆட்டங்கண்டது. இக்கட்டுரையொன்றின் வாழ்க்கை வரலாற்றைத் தொடர்ந்து செல்வதே ஈண்டு நமது நோக்கமாகும். ஈக்கள்மீது நமக்குத் தனிப்பற்று ஏதுமில்லை. சமூகத்தின் கருத்துநிலை அறிவியலினுள் எவ்வழியாற் புகுகின்றது, எவ்வழியால் வெளியேற்றப்படுகின்றது என்பதைக் கண்கூடாகக் காட்டவல்ல வரலாறு இது என்பதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

டார்வின் விலங்குகளிடையேயும் தாவரங்களிடையேயும் தமது ஆங்கிலச் சமூகத்தையே மீளக் கண்டுபிடிக்கிறார் என மார்க்ஸ் 1862 இல் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டார். 1875 இல் லவ்ரோவுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ் இதனை விரித்துரைத்தார். சமூகத்திலிருந்து இயற்கைக்கு ஒரு கருத்து முதலிற் கொண்டுசெல்லப்படுகின்றது. பின்னர் அதே கருத்து இயற்கையின் நித்திய விதி என்னும் தகுதியுடன் சமூகத்துக்குத் திருப்பிக் கொண்டுவரப்படுகின்றது. இது முற்போக்காளரிடையே பலகாலும் எடுத்துக் காட்டப்படும் கூற்று. ஆயின் இதனை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்றுண்டு. போகும் பயணத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் இடையில் ஓர் ஆய்வுகூடம் இருக்கின்றது. அங்கே ஈக்கள் எவருடைய விருப்புக்கும் கட்டுப்பட்டு முட்டையிடுவதில்லை.

இலிங்கத் தேர்வு என்னும் கருத்தை டார்வின் 1859 இல் சுருக்கமாகக் கூறினார். 1871 இல் மனிதனின் மரபு பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். மயிலின் தோகை அவரை நீண்டகாலம் அலைக்கழித்த ஒரு சிக்கலாகும். அத்துணைப் பாரமான தோகை உயிர்வாழ்தலுக்கு உதவுவதாகக் கொள்ளல் அரிது. எனவே இயற்கைத் தேர்வினால் மட்டும் அதனை விளக்குதல் இயலாது. அவர் கண்ட விடை இரு கூறுகளை உடையது. ஆண்கள் தம்முள் ஒருவரோடொருவர் பொருது பெண்ணை அடைதல் ஒன்று. பெண் பல ஆண்களுள் ஒன்றைத் தெரிதல் மற்றொன்று. முதலாவதை அக்கால அறிஞர் தயக்கமின்றி ஏற்றனர். இரண்டாவதையே ஏற்க மறுத்தனர். கூர்ப்பின் போக்கை நிர்ணயிக்கும் ஒரு சக்தியாகப் பெட்டை மயிலின் விருப்பத்தைக் கொள்வது விக்டோரியா காலக் கனவான்களுக்கு எளிதாக இருக்கவில்லை. பெண்ணின் மனம் கணத்துக்குக் கணம் மாறுவது, ஆதலால் தலைமுறைகள் தோறும் ஒரே திசையில் ஓர் உறுப்பை வளர்த்தெடுக்க அதனால் ஆகாது என்னும் கருத்துப்பட மைவாட் என்னும் விலங்கியலாளர் அவ்வாண்டிலேயே மதிப்புரை எழுதினார். உயிரியல் வாதமாக முன்வைக்கப்பட்ட இக்கூற்றின் ஊற்றுக்கண் இலண்டன் வரவேற்பறை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

டார்வினும் இவ்விடயத்தில் முரண்பாடு அற்றவரல்லர். தெரியும் ஆற்றலைப் பெண்ணுக்கு அளித்த அதே கையால், பெண் நாணமும் செயலின்மையும் உடையவள், ஆணே வேட்கை மிக்கவன் எனப் பொதுவிதியும் வரைந்தார். மனிதரிடத்து வந்ததும், தெரிபவன் ஆணே என்றார். ஆணின் அறிவாற்றல் பெண்ணினதைவிட உயர்ந்தது என்றும் எழுதினார். ஆயினும் தமது விதிக்கு மாறான செய்திகளை அவர் மறைத்தாரல்லர். இந்தியாவில் வாழும் காடையை ஒத்த 'டேர்னிக்ஸ்' என்னும் பறவையிற் பெண்ணே பெரிது, பெண்ணே போர்க்குணமுடையது, முட்டையிட்டபின் பெண்கள் கூட்டமாகத் திரிய ஆண்களே அடைகாக்கின்றன எனச் சுதேச மக்கள் கூறுவதைக் குறிப்பிட்டு, அதனை ஐயுறக் காரணமில்லை என்று எழுதினார். ஐரோப்பியர் பலர் சுதேச மக்களின் கூற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளிய காலத்தில் டார்வின் அதனைச் சான்றாக ஏற்றமை மனங்கொள்ளத்தக்கது. பின்வந்த ஆய்வுகளும் அம்மக்களின் கூற்று மெய்யென்றே காட்டின.

1875 இல் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. அன்ரொனெற் பிரவுண் பிளக்வெல் என்னும் பெண்மணி, அந்நாட்டில் முதன்முதலாகத் திருச்சபைக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட பெண், இயற்கையில் இருபாலார் பற்றி நூலொன்று வெளியிட்டார். டார்வினும் ஸ்பென்சரும் ஆணின் நிலைநின்றே கணக்கெடுத்தனர், பெண்ணின் உழைப்பையும் ஆற்றலையும் கணக்கில் இடவில்லை என்பது அவர்தம் வாதம். ஆய்வுகூடமும் அளவைக் கருவிகளும் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. எனவே கேள்வி சரியாக எழுப்பப்பட்டும், அதற்கு விடைகாணும் வழி அடைபட்டிருந்தது. அவ்வழி திறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

வாலஸின் நிலை இன்னும் வியப்புக்குரியது. இயற்கைத் தேர்வை டார்வினோடு ஒருங்கே கண்டவராகிய அவர், பறவைகளிற் பெண்ணின் தெரிவு என ஒன்று இல்லை என்று இறுதிவரை வாதிட்டார். ஆணின் வண்ணம் மிகுந்த வலிமையின் வெளிப்பாடு, பெண்ணின் மங்கிய நிறம் கூட்டில் அடைகாக்கும்போது அதற்குப் பாதுகாப்பு என்பது அவர் விளக்கம். அத்தகைய வாலஸ், சோசலிசத்தைத் தழுவியபின் 1890 இல் எழுதிய கட்டுரையொன்றில், வருங்காலச் சமூகத்திற் பெண் பொருளாதார விடுதலை பெற்று, பிழைப்புக்காக மணம்புரியவேண்டிய நிர்ப்பந்தம் நீங்கும்போது, மனித இனத்தை மேம்படுத்தும் தலையாய சக்தி அவளது சுதந்திரமான தெரிவே ஆகும் என்றார். பெட்டை மயிலுக்கு அவர் மறுத்த உரிமை சோசலிசப் பெண்ணுக்குக் கிடைத்தது! இக்கருத்தில் இனமேம்பாட்டுவாதத்தின் சாயல் இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், தெரிவு என்பது உணர்ச்சி மட்டுமன்று, தெரிவதற்கான பொருளாதார நிலையும் வேண்டும் என்பதை அன்று கண்டவர் அவரே.

இதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பெண்ணின் தெரிவு என்னும் கருத்து விலங்கியலின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. தோமஸ் ஹன்ற் மோகன் 1903 இல் அதற்கெதிராக ஆட்சேபங்களை அடுக்கினார். அதே மோகன் 1910 முதல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பழ ஈயின் விகாரங்களை ஆராயத் தொடங்கி நவீன பிறப்புரிமையியலுக்கு அடித்தளமிட்டார். ஆர். ஏ. பிஷர் 1915 இலும் 1930 இலும் பெண்ணின் விருப்பமும் ஆணின் அணியும் ஒன்றையொன்று ஊக்கி வளரும் முறையைக் கணித நோக்கில் விளக்கினார். அம்முதற் கட்டுரை இனமேம்பாட்டுவாதச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது என்பது தற்செயலன்று. மோகனின் ஈக்களும் பிஷரின் புள்ளிவிபரச் சிந்தனையும் சந்தித்த இடமே பேற்மனின் பரிசோதனை எனலாம். 'ஹெறெடிற்றி' சஞ்சிகையை 1947 இல் டார்லிங்டனுடன் சேர்ந்து தொடக்கியவரும் பிஷரே.

பரிசோதனையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். பேற்மன் அறுபதுக்கும் மேற்பட்ட சிறு குழுக்களை அமைத்தார். ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது ஐந்து ஆண் ஈக்களும் அதே தொகைப் பெண் ஈக்களும் மூன்று நான்கு நாள்கள் ஒருங்கே விடப்பட்டன. ஒவ்வோர் ஈயும் தனக்கேயுரிய ஆட்சியுடைய விகாரமொன்றைத் தாங்கியிருந்தது. ஒன்றின் இறகு சுருண்டது. ஒன்றின் கண் சிறுத்தது. வேறொன்றின் உரோமம் திரிந்தது. சந்ததியைப் பார்த்ததும் தாய் இன்னது, தந்தை இன்னது எனக் கூறுவதற்கான சூழ்ச்சி இது. அக்காலத்தில் இது மிக நுட்பமான உத்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈக்கள் புணர்வதை அவர் இருந்து பார்க்கவில்லை. எந்த ஈ எத்தனை துணையுடன் சேர்ந்தது என்பதைப் பிழைத்து வளர்ந்த சந்ததியின் அடையாளங்களிலிருந்தே உய்த்துணர்ந்தார். இதனை வாசகர் நினைவில் இருத்துக.

பெறுபேறுகள் இவை: ஆண்களுள் 21 வீதமானவை சந்ததியின்றிப் போயின, பெண்களுள் 4 வீதமானவையே அவ்வாறாயின. துணைகள் கூடக்கூட ஆணின் சந்ததி பெருகிற்று. பெண்ணுக்கு ஒரு துணைக்கு மேற்பட்டதால் நன்மையில்லை. விந்து மலிவு, முட்டை அருமை. ஆகவே ஆணிடம் பகுத்துணரா வேட்கையும் பெண்ணிடம் பகுத்துணரும் செயலின்மையும் அமைதல் இயல்பு என்பது அவரது முடிவு. ஒருதுணை மணமுடைய மனிதரிடத்தும் இவ்வேறுபாடு நிலைத்திருக்கும் என எதிர்பார்க்கலாம் என்றும் எழுதினார். கலத்தினுள் இருந்த ஈக்களிலிருந்து மனிதனை அடைய அவருக்கு ஓரிரு வாக்கியங்களே தேவைப்பட்டன.

இன்னொன்றும் உண்டு. கட்டுரையில் வரைபுகள் இரண்டு. பேற்மன் தம் ஆறு பரிசோதனைத் தொடர்களுள் முதல் நான்கையும் ஒரு வரைபிலும், எஞ்சிய இரண்டையும் மற்றொன்றிலும் தொகுத்திருந்தார். துணை கூடினும் பெண்ணின் சந்ததி கூடாது என்பது தெளிவாகத் தெரிவது இரண்டாம் வரைபிலேயே. முதல் வரைபிற் பெண்ணின் கோடும் மேல்நோக்கியே செல்கின்றது, ஆணினதைப் போன்று செங்குத்தாக அன்றெனினும். பிற்காலப் பாடநூல்கள் பலவற்றில் இடம்பெற்றது இரண்டாவது வரைபு மட்டுமே. இதில் எவரும் சதி செய்யவில்லை. எதிர்பார்த்த விடையைத் தந்த படத்தையே கை நாடிற்று என்பதே உண்மை.

அதே 1948 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மொஸ்கோவில் நடந்த வேளாண் விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில், பிறப்புரிமையியல் முழுவதும் பூர்ஷ்வா விஞ்ஞானம் என லைசெங்கோ பிரகடனஞ் செய்தார். பழ ஈ ஆய்வாளர் ஏளனத்துக்கு உள்ளாயினர்; ஆய்வுகூடங்கள் மூடப்பட்டன. வவிலோவ் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே சிறையில் மாண்டிருந்தார். முற்போக்காளராகிய நாம் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. ஓரிடத்திற் கருத்துநிலை பரிசோதனையினுள்ளே நுழைந்திருந்தது. மற்றோரிடத்திற் பரிசோதனையையே அது தடைசெய்தது. முன்னைய தவறு பின்னர் திருத்தப்பட்டது ஈக்கள் எஞ்சியிருந்தமையாலேயே.

பேற்மனை மறதியிலிருந்து மீட்டவர் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் திரிவேர்ஸ். டார்வினின் நூல் வெளிவந்த நூற்றாண்டு நிறைவையொட்டி 1972 இல் வெளியான தொகுதியில் அவர் பெற்றோர் முதலீடு பற்றி எழுதினார். சந்ததிக்கு எப்பால் மிகுதியாகச் செலவிடுகின்றதோ அப்பாலுக்காக மற்றப்பால் போட்டியிடும் என்பது அவர்தம் கொள்கை. பெண் என்பதாலன்று, செலவிடுவதாலேயே ஒரு பால் தெரியும் பாலாகின்றது எனும் வகையில் இது பேற்மனின் கூற்றைவிட ஆழமானது. ஆண் அடைகாக்கும் பறவைகளில் நிலைமை தலைகீழாகும் என்பதும் இதிலிருந்து பெறப்படும். ஆயினும் இக்கொள்கைக்கு ஆதாரக் கல்லாகப் பேற்மனின் ஈக்களே வைக்கப்பட்டன. முதலீடு, இலாபம், செலவு என்னும் சந்தைச் சொற்கள் உயிரியலிற் குடியேறியதைக் கண்டோர் திரிவேர்சை முதலாளித்துவத்தின் ஊதுகுழல் எனக் கருதக்கூடும். அவர் 1979 இல் கறுஞ்சிறுத்தைக் கட்சியிற் சேர்ந்தவர் என்பதை அத்தகையோர் அறிதல் வேண்டும். மனிதரின் அரசியலிலிருந்து அவர்தம் கொள்கையை நேரே வாசித்துவிடல் எப்பொழுதும் இயல்வதன்று.

1975 இல் எட்வேட் வில்சனின் சமூக உயிரியல் நூல் வெளிவந்ததும் சர்ச்சை கொழுந்துவிட்டது. குல்ட், லெவொன்ரின் முதலிய இடதுசாரி உயிரியலாளர் அதன் மனிதர் பற்றிய இறுதி அத்தியாயத்தைக் கண்டித்து அவ்வாண்டு நவம்பரிற் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். 1978 பெப்ரவரியில் வாஷிங்டன் மாநாட்டு மேடையில் எதிர்ப்பாளர் சிலர் வில்சனின் தலையில் நீரை ஊற்றினர். அதே மேடையிலிருந்த குல்ட், லெனின் கண்டித்த இளம்பருவக் கோளாறு இது என அச்செயலைக் கடிந்துரைத்தார். நீர் ஊற்றியதால் ஒரு வரைபும் மாறவில்லை.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. 1974 இல் ஜீன் அல்ற்மன் விலங்கு நடத்தையை அவதானிக்கும் முறைகள் பற்றிக் கட்டுரையொன்று எழுதினார். கண்ணிற் பட்டதை எழுதும் அவதானிகள் பேரிரைச்சலிடும் பெரிய விலங்குகளையே மிகுதியாகப் பதிகின்றனர். ஆதலின் முன்னரே தெரிந்த ஒரு தனி விலங்கைக் குறித்த நேரம் இடையறாது நோக்குதல் வேண்டும் என்றார். வறண்ட முறையியற் கட்டுரைதான். ஆயின் அதன் விளைவை எண்ணுக. குரங்குக் கூட்டத்திற் சண்டையிடும் ஆணுக்குக் கிடைத்த அதே பத்து நிமிடம், மரக்கிளையில் அமைதியாக இருந்த பெண்ணுக்கும் கிடைத்தது. பிளக்வெல் கேட்ட கணக்கு அப்பொழுதே தொடங்கிற்று.

அனுமன் குரங்குகள் எனப்படும் முசுக்களைப் பற்றிய ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். நமது பொலநறுவையில் 1960களில் சூசன் றிப்ளி இவற்றை ஆராய்ந்தார். அங்கேயே செங்குரங்குகளை டிற்றஸ் 1968 முதல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பதிவுசெய்து வந்துள்ளார். சுகியாமா என்னும் ஜப்பானியர் 1960களில் இந்தியாவின் தார்வாரில், கூட்டத்தைக் கைப்பற்றும் புதிய ஆண் முன்னைய குட்டிகளைக் கொல்வதைக் கண்டார். 1971 முதல் இராஜஸ்தானின் அபூ மலையில் இதனை ஆராய்ந்த சாரா ஹேர்டி, கொல்லும் ஆணை மட்டுமன்றிப் பெண்ணையும் நோக்கினார். பெண் முசுக்கள் தம் கூட்டத்து ஆணை விட்டு வெளியாண்களை நாடின. கருவுற்றிருந்த காலத்திலும் புணர்ந்தன. சந்ததிப் பெருக்கத்துக்கு ஒரு துணை போதுமெனில் இதற்குப் பொருளென்ன? தந்தை யார் என்பதை மயங்கவைத்தால், எந்த ஆணும் அக்குட்டியைக் கொல்லத் துணியாது என்பது ஹேர்டியின் விளக்கம். நாணமுடைய பெண் என்பது ஒரு தொன்மம் என அவர் 1986 இல் எழுதினார்.

பறவைகளும் அவ்வாறே. பறவையினங்களிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஒருதுணை மணத்தன என டேவிட் லக் 1968 இல் எழுதியிருந்தார். 1975 இல் ஐக்கிய அமெரிக்காவிற் பயிரழிக்கும் செந்தோட் கரும்புட்களைக் கட்டுப்படுத்த, ஆண்களின் விந்துக்குழாயை வெட்டி மலடாக்கிப் பார்த்தனர். அவற்றின் எல்லையில் வாழ்ந்த பெண்கள் கருக்கொண்ட முட்டைகளையே இட்டன! 1985 இல் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு அடையாள முறையைக் கண்டபின் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. ஒருதுணையாகக் கூடுகட்டும் பறவைகளிற் சராசரியாகப் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேலான குஞ்சுகள் வேற்றாணுக்குப் பிறந்தவை என 2002 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று. 'டன்னொக்' என்னும் சிறு பறவையின் கதை இங்கு நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொறிஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் அதன் அடக்கமான வாழ்வைப் பின்பற்றுமாறு தம் சபையோருக்கு அறிவுறுத்தினார். கேம்பிரிட்ஜ் தாவரவியற் பூங்காவில் அதனை ஆராய்ந்த நிக் டேவிஸ் 1992 இல் வெளியிட்ட நூலின்படி, அப்பறவையிற் பெண் ஒன்று இரு ஆண்களுடன் வாழ்வது வழக்கம். சபையோர் பாதிரியாரின் சொல்லைக் கேட்டனரா என்பது வரலாற்றிற் பதியப்படவில்லை.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் பேற்மனின் பரிசோதனையை எவரும் மீளச் செய்யவில்லை. 2007 இல் ஸ்னைடரும் பற்றீசியா கோவற்றியும் அவரது பழைய எண்களைக் கூட்டிப் பார்த்தனர். ஒவ்வொரு சந்ததிக்கும் தந்தை ஒன்று, தாய் ஒன்று. ஆகவே தந்தையர் கணக்கிற் சேரும் சந்ததித் தொகையும் தாயர் கணக்கிற் சேரும் தொகையும் சமமாதல் வேண்டும். அவை சமமாக இருக்கவில்லை. தாயரைவிடத் தந்தையரே கூடுதலாக எண்ணப்பட்டிருந்தனர். இந்தக் கூட்டற் கணக்கைச் செய்ய ஐம்பத்தொன்பது ஆண்டுகள் சென்றன என்பதே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது.

2012 இல் கோவற்றியும் அவர்தம் குழுவினரும் பரிசோதனையைப் பேற்மனின் முறையிலேயே செய்தனர். தாயின் விகாரம், தந்தையின் விகாரம் இரண்டையும் ஒருங்கே பெறும் சந்ததி, மெண்டலின் விதிப்படி நாலிலொரு பங்கு. எத்துணை எத்துணையுடன் சேர்ந்தது என்பதைத் திட்டமாகக் காட்டக்கூடியவை அவை மட்டுமே. ஆனால் சுருண்ட இறகும் சிறுத்த கண்ணும் ஒருங்கே பெற்ற உயிர்கள் பல, எண்ணப்படும் பருவத்தை எட்டுமுன்னரே மாண்டன. மாண்டவற்றின் பெற்றோர் புணர்ந்திருந்தும் புணராதவர்களாகவே கணக்கிற் பதிவாயினர். அளக்கும் கருவியே அளக்கப்படுவதைக் கொன்றுகொண்டிருந்தது. ஆகவே பேற்மனின் தரவுகள் அவர் பெற்ற முடிவைத் தாங்கவல்லன அல்ல.

இங்கே வெற்றி முழக்கமிட விழைவோர்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். ஒரு சான்று வீழ்ந்ததால் அது தாங்கிய கருத்து முழுவதும் பொய்யாகிவிடாது. 2016 இல் அறுபத்தாறு விலங்கினங்களின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய யானிக்கேயும் பிறரும், துணைகள் கூடுவதால் வரும் சந்ததி நன்மை சராசரியாக ஆணுக்கே மிகுதி எனக் கண்டனர். சராசரி என்பதை அழுத்துதல் வேண்டும். பெண்ணுக்கு அந்நன்மை இல்லை என்பது அதன் பொருளன்று. ஆண் கருத்தாங்கும் குழல்மீன்களிற் போட்டியிடுவது பெண்ணே. இதற்குக் கடல்கடந்து செல்லவேண்டியதுமில்லை. வன்னிக் குளங்களில் தாமரையிலைமேல் நடந்து திரியும் நீள்வால் இலைக்கோழியில், உருவிற் பெரிய பெண் பல ஆண்களுடன் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் முட்டையிட்டுக் கொடுக்க, ஆண்களே அடைகாத்துக் குஞ்சுகளை வழிநடத்துகின்றன. திரிவேர்சின் கொள்கை எதிர்பார்ப்பதும் இதுவே. பேற்மனின் கட்டுரையில் இதற்கு இடமில்லை. பெண் பல துணைகளை நாடுவதால் பெறும் நன்மை உணவா, காவலா, நல்ல பரம்பரையலகா, அன்றி ஆணின் தொல்லையிலிருந்து விடுபடுதல் மட்டுமா என்பது இனத்துக்கினம் வேறுபடுகின்றது. அதனை ஒவ்வோர் இனத்திலும் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கின்றது.